மலைக்கு எந்த வண்டி? ஒரு டெல்டாக்காரனின் கணக்கு

போன மாசம் சித்தப்பா போன் பண்ணினார். தஞ்சாவூருக்குத் தெற்கே வாய்க்கால் பாசனம், நெல், கொஞ்சம் உளுந்து என்று இருப்பவர். மகளுக்குக் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. மாசத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்கணும் என்று சித்தி சொல்லியாச்சு.

"தம்பி, இந்த ஸ்விஃப்டை வெச்சுக்கிட்டு மலை ஏற முடியாதுங்கறாங்க. ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேணுமாம். இருவது லட்சம் ஆகும். லோன் போட்டுடலாமா?"

"யார் சொன்னா சித்தப்பா?"

"எல்லாரும்தான்."

அவர் வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். இருபது லட்சம் ரூபாய் என்பது அவருக்கு எத்தனை போக நெல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதில் சொல்ல இரண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாளில் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. நான் ஆட்டோமொபைல் ஆள் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் இதுக்கு வேண்டிய இயற்பியல் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

முதலில் எங்க ஊர்க்காரனுக்கு மலை என்றால் ஏன் இவ்வளவு பயம் என்பதைச் சொல்லணும். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் சாலை வழியாக ஏறத்தாழ 85 கி.மீ. அதாவது ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் போகணும். இந்தச் சரிவு தண்ணீருக்குத் தெரியும், மடை திறக்கிறவருக்குத் தெரியும், ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பெரிய ஏற்றமே ரயில்வே மேம்பாலம்தான். அது பெரும்பாலும் முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் ஏறும்.

பெரிய கோயில் விமானத்தின் உச்சிக் கல்லை சாரப்பள்ளத்திலிருந்து மண் சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று ஒரு கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். கதை நிஜமா என்பது வேறு விவகாரம், அந்தக் கல்லே ஒற்றைக் கல் இல்லை என்கிறார்கள். நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும் 66 மீட்டர் உயரத்துக்கு 6 கி.மீ. சாரம். சரிவு 1.1 சதவீதம். யானைகள் இழுத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சாரத்தைப் போல ஏழெட்டு மடங்கு செங்குத்தான சாலையில்தான் நாம் பாட்டுப் போட்டுக்கொண்டு காரில் போகிறோம்.

இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி மலைச்சாலையில் வழக்கமான சரிவு 5 சதவீதம், வேறு வழியில்லாத இடத்தில் 7. அதைவிடச் செங்குத்தான நிலப்பகுதிக்கு 8 வரை போகலாம். கொண்டை ஊசி வளைவுக்குள் மட்டும் 2.5 சதவீதத்துக்குள் இருக்கணும் என்பது விதி. ஆனால் நம்ம மலைச்சாலைகளில் பல இந்த விதிகளுக்கு முந்தியவை. கோத்தகிரிப் பக்கம் ஜான் சல்லிவன் சிறுமுகையிலிருந்து பாதை போட்டது 1820களின் தொடக்கத்தில். மாட்டுக்கும் குதிரைக்கும் போட்ட தடங்களைப் பிற்காலத்தில் அகலப்படுத்திய இடங்களில் வளைவின் உள்பக்கம் 12, 15 சதவீதம்கூட வரும்.

இப்போ ஏற்றக் கணக்கு. சித்தப்பா வண்டி 960 கிலோ சொச்சம். நாலு பேர், சாமான், மகளுக்கு ஒரு சிப்பம் அரிசி எல்லாம் சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டேன். 8 சதவீத ஏற்றத்தில் இந்த எடையைத் தள்ள ஏறத்தாழ 104 கிலோ விசை, டயர் உருளும் எதிர்ப்புக்கு இன்னொரு 16 கிலோ. மொத்தம் 120. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இதற்கு வேண்டிய சக்தி சுமார் 13 குதிரைத்திறன். அந்த எஞ்சின் கொடுப்பது 84. ஆறில் ஒரு பங்கு போதும்!

அப்புறம் ஏன் வளைவில் வண்டி திணறுது, கிளட்ச் நாறுது, ஆஃப் ஆகுது? ஏன்னா 84 குதிரைத்திறன் என்பது 6,000 சுற்றில். வளைவுக்குள் வேகம் குறைந்து எஞ்சின் 1,500 சுற்றுக்கு வரும்போது நமக்கு வேண்டியது குதிரைத்திறன் இல்லை, அந்தக் குறைந்த சுற்றில் இருக்கிற திருகு விசை, அதாவது டார்க். இதை சித்தப்பாவுக்குப் புரிய வைக்க நான் கஷ்டப்படவே இல்லை. அவர்கிட்ட 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கு. அது மூணு டன் நெல்லோட டிரெய்லரை வரப்போரப் பாதையில் இழுக்கும். 84 குதிரைத்திறன் ஸ்விஃப்ட் இழுக்குமா? வித்தியாசம் கியரிலும், எஞ்சின் எந்தச் சுற்றில் பலத்தைக் கொடுக்கிறது என்பதிலும் இருக்கு.

1,500 சுற்றில் அந்த எஞ்சினுக்கு 80 நியூட்டன் மீட்டர் என்று கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொண்டேன். கியர் விகிதம், சக்கர அளவு, உராய்வு இழப்பு எல்லாம் போட்டால், மூணாவது கியரில் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 140 கிலோ. ரெண்டாவதில் 205. முதல் கியரில் 385. 8 சதவீத ஏற்றத்துக்கு 120 போதும், மூணாவது கியரே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிடும். 12 சதவீத வளைவுக்கு 170 வேணும். மூணாவதில் கண்டிப்பாக நிற்கும், ரெண்டாவதில் போகும். அதே வளைவு மலை உச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னொரு சிக்கல்: உயரம் போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் நூறு மீட்டருக்கு ஒரு சதவீதம் போல பலம் இழக்கும் என்று ஒரு சுமாரான கணக்கு உண்டு. கோத்தகிரி உயரம் 1,800 மீட்டருக்குக் கிட்ட. ரெண்டாவது கியரின் 205 கிலோ அங்கே 170 ஆகிவிடும். வேண்டியதும் 170. கீழே ரெண்டாவதில் சிரித்துக்கொண்டே திரும்பிய வளைவு மேலே போனதும் ஏன் முதல் கியர் கேட்குது என்பதற்கு இதுதான் பதில். வண்டியில் கோளாறு இல்லை. ஊட்டியில், கொடைக்கானலில் குக்கர் இல்லாமல் சோறு வேகச் சுணங்குவதும் இதே மெல்லிய காற்றின் வேலைதான்.

டர்போ உள்ள எஞ்சின்கள் இந்த இழப்பைப் பெருமளவு ஈடு கட்டிவிடும். பழைய 1.3 லிட்டர் டீசலை மலைக்காரர்கள் இன்னும் கொண்டாடுவதற்குக் காரணம், அது வெறும் 75 குதிரைத்திறன்தான் என்றாலும் 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் தரும். ஆனால் இப்போ வருகிற ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல்களில் கவனம் வேணும். 1,500, 1,800 சுற்றுக்குக் கீழே டர்போ தூங்கும். வளைவில் வேகம் குறையும்போது சரியாக அந்தத் தூங்கும் இடத்தில் போய் விழுவோம். மிதிப்போம், ஒண்ணும் நடக்காது, திடீர்னு பாயும். வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கிறவர்கள் பைபாஸில் நூறு வேகம் போய்ப் பார்க்காமல், மேம்பாலத்தின் நடுவே நிறுத்திட்டு ரெண்டாவது கியரில் 20 வேகத்திலிருந்து ஏறுதா என்று பார்க்கலாம். டெல்டாவில் நமக்குக் கிடைக்கிற ஒரே பரிசோதனைக் கூடம் மேம்பாலம்தான்.

ஆக, ஏறுவதற்கு ஸ்விஃப்ட் போதும். சரி, ஃபோர் வீல் டிரைவ்?

குன்னூர் போகும் மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவு, அதாவது 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கே தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த கம்பி போட்டு எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 1899 முதல் அப்படித்தான். ஏன்னா இரும்பு மேல் இரும்புக்குப் பிடிப்பு குறைவு, வழுக்கும். ஆனால் தார் மேல் ரப்பருக்கு உலர்ந்த நிலையில் உராய்வு எண் 0.7 வரும், நனைந்திருந்தால் 0.4 என்று வைப்போம். முன்சக்கரம் இழுக்கும் காரில், ஏற்றத்தில் எடை பின்னால் சாய்ந்தாலும், பாதிக்கு மேல் எடை முன்னால்தான் இருக்கும். 55 சதவீதம் என்று வைத்தால் நனைந்த ரோட்டில்கூட 22 சதவீத ஏற்றம் வரைக்கும் டயர் வழுக்காது. நல்ல தார் ரோட்டில் பிடிப்பு ஒரு பிரச்சினையே இல்லை. மழையில் வளைவின் உள்பக்கம் ஒரு சக்கரம் லேசாக உயர்ந்து கிர்ர்னு சுத்தும், அவ்வளவுதான். அதுக்கு வளைவை வெளிப்பக்கமாக எடுத்தால் போதும். தேய்ந்த டயரை மாத்துவதில் கிடைக்கும் பிடிப்பு நாலு சக்கர இழுவையில் கிடைப்பதைவிட மலிவு. பிரேக் பிடிக்கும்போதும் உதவுவது டயர்தான். நாலு சக்கர இழுவை இறக்கத்தில் வண்டியை நிறுத்த உதவாது. எந்தக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும் போட்டுத்தான் இருக்கு.

நாலு சக்கர இழுவை வேண்டிய இடம் வேறே. சேற்றுழவுக்கு டிராக்டருக்கு கேஜ் வீல் மாட்டுகிறோமே, அந்த மாதிரி காலுக்குக் கீழே தரை நழுவும் இடம். நம்ம பக்கத்தில் நல்ல உதாரணம் கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத்தின் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போகணும். கல்லும் குழியும் கலந்த எஸ்டேட் பாதை. அங்கே ஸ்விஃப்ட் போகாது, போகவும் கூடாது. ஆனால் அங்கே போக இருபது லட்சம் வண்டி வேண்டாம், உள்ளூர் ஜீப்புக்கு ஒரு நாள் வாடகை கொடுத்தால் போதும், அந்தப் பாதை மனப்பாடமான டிரைவரும் சேர்ந்தே வருவார். கொல்லிமலையின் 70 வளைவும், வால்பாறையின் 40 வளைவும், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் தார் ரோடு. அரசு பஸ் போற வழி.

இதுவரைக்கும் படித்தவர்கள் "அப்போ எந்த வண்டியும் போகும், கட்டுரை முடிஞ்சுது" என்று நினைக்கலாம். நான் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டிய விஷயம் இங்கேதான் ஆரம்பிக்குது. மலைக்கு வண்டி தேர்ந்தெடுக்கிறவர்கள் எல்லாரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள். ஏற முடியாத வண்டி என்ன செய்யும்? நிற்கும். நாலு பேர் ஹாரன் அடிப்பார்கள், மானம் போகும். இறங்கும்போது நிற்க முடியாத வண்டி?

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு சாலை இறங்குகிறது. 2018 அக்டோபரில் அங்கே நடந்த கோர விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை போட்டார்கள். உள்ளூர் பதிவு வண்டிகள் மட்டும் இறங்கலாம். மசினகுடியிலிருந்து மேலே ஏறுவதற்கு வெளியூர்க்காரர்களையும் விட்டார்கள். அதே சாலை, அதே சரிவு. ஏறினால் ஆபத்தில்லை, இறங்கினால் ஆபத்து என்று மாவட்ட நிர்வாகமே முடிவு செய்திருக்கிறது. 2023 செப்டம்பரில் குன்னூர் மரப்பாலம் பக்கத்தில் தென்காசி மாவட்டத்துச் சுற்றுலா பஸ் கவிழ்ந்து பலர் இறந்தார்களே, அதுவும் ஊர் திரும்பும் வழியில், இறக்கத்தில்.

என் அனுபவத்தையும் சொல்லிடறேன். பத்து வருஷம் முன்னாடி கொடைக்கானலிலிருந்து குடும்பத்தோடு இறங்கினேன். மூணாவது கியர், கால் பிரேக் மேலேயே. பெருமாள்மலை தாண்டி வெகுநேரம் ஒண்ணும் தெரியலை. டம் டம் பாறை பக்கம் வந்தபோது ஒரு தீஞ்ச வாடை. பக்கத்தில் எங்கேயோ குப்பை எரிக்கிறாங்கன்னு நினைச்சேன். அடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ரெண்டு அங்குலம் கூடுதலா உள்ளே போச்சு. அந்த ரெண்டு அங்குலம் இன்னைக்கும் என் வலது காலில் ஞாபகம் இருக்கு. கைபிரேக்கையும் இழுத்து, பதட்டத்தில் ரெண்டாவது கியரைப் போட்டு, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். முன்சக்கரத்திலிருந்து புகை. வாழைத்தார் ஏத்தி வந்த பிக்கப் டிரைவர் நிறுத்தி, பார்த்துட்டு, தண்ணி ஊத்தப் போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும். "முக்கா மணி நேரம் பேசாம உக்காருங்க சார். ஏறுன கியர்ல எறங்கணும்" என்றார். என் மகள் அப்போ பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏன் அப்படி ஆச்சு என்பதைக் கோத்தகிரிக் கணக்கிலேயே பார்க்கலாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ., ஏறத்தாழ 1,450 மீட்டர் இறக்கம். 1,300 கிலோ வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 63 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பெரிய அண்டா. இதில் மூணில் ஒரு பங்கு டயரும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு எங்கேயாவது போய்த்தான் ஆகணும். போறதுக்கு ரெண்டே இடம்: எஞ்சின், இல்லேன்னா பிரேக்.

8 சதவீத இறக்கத்தில் 40 வேகத்தை பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 9 கிலோவாட்டுக்கு மேல் சூடு உற்பத்தியாகும். நாலரை இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்த மாதிரி. முன்பக்க டிஸ்க் ரெண்டும் சேர்ந்து ஒன்பது கிலோ இரும்பு என்று வைத்தால், காற்று குளிர வைக்கவில்லை என்றால், ஐந்து கிலோமீட்டருக்குள் 700 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். காற்று இருப்பதால் அவ்வளவு போகாது. ஆனால் பிரேக் பேடு தன் பிடிப்பை இழக்க 300, 350 டிகிரி போதும்.

அதைவிட மோசமானது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 தரம் புதுசில் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கணும், ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கலாம். டாட் 4 தரத்துக்கு 230, 155. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. என் ரெண்டு அங்குலம் அதுதான். ஆத்தோரக் காற்றில் வருஷம் பூரா நிற்கிற வண்டியில் ஈரம் ஏறாமல் இருக்குமா? சமவெளியில் இந்த எண்ணெய் கெட்டுப்போனது தெரியவே தெரியாது, பிரேக் அவ்வளவு சூடாவதே இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும். நான் அந்த வண்டி வாங்கின நாளிலிருந்து மாற்றியதில்லை.

இன்னொரு இடம் எஞ்சின். ஆக்சிலேட்டரை விட்டதும் பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழி மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் மூக்கை மூடிக்கொண்டு மூச்சு இழுக்கிற மாதிரி சிரமப்படும். அந்தச் சிரமம்தான் வண்டியைப் பிடித்து இழுக்கும், சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். கியர் சிறியதாக ஆக ஆக இந்தப் பிடிப்பு கூடும். டீசலில் காற்று வழியை பெட்ரோலில் மாதிரி மூடுவதில்லை, அதனால்தான் லாரி, பஸ்களில் புகைக்குழாயை அடைத்து எஞ்சினைத் திணற வைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் எங்க ஊரில் நிறைய. கார்பரேட்டர் காலத்தோடு போன கணக்கு அது. இப்போதைய இஞ்செக்‌ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது எரிபொருளை முழுசா நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் குடிக்கும். இன்னும் சிலர் சாவியையே அணைத்துவிடுவார்கள். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் ரெண்டு மூணு மிதியில் தீர்ந்துவிடும், அப்புறம் மிதி கல்லு மாதிரி, ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி.

இதையும் சித்தப்பாவுக்கு டிராக்டரிலேயே சொன்னேன். "நெல் மூட்டையோட ஆத்தங்கரையிலேருந்து களத்துக்கு இறங்கறப்ப நியூட்ரல் போடுவீங்களா?"

"பைத்தியமா எனக்கு? டிரெய்லர் தள்ளிக்கிட்டுப் போயிரும். சின்ன கியர்ல கட்டித்தான் இறக்கணும்."

"கோத்தகிரியிலயும் அவ்வளவுதான் சித்தப்பா."

இறக்கத்தை வைத்துப் பார்த்தால் வண்டித் தேர்வே தலைகீழாக மாறுது. முதல் கேள்வி எடை. 1,900 கிலோ எஸ்.யூ.வி. ஆட்களோடு 2,300 ஆகும். அதே இறக்கத்தில் அதற்கு 63 லிட்டர் இல்லை, 111 லிட்டர் கொதிக்கும் சூடு. அதன் பிரேக்கும் பெரியதுதான், நல்லா வடிவமைத்திருப்பார்கள், மறுக்கலை. ஆனால் மலைக்காகவே கனமான வண்டி வாங்குவது, சுமையைக் கூட்டிவிட்டு அதைத் தூக்க ஆள் வைக்கிற வேலை. உயரமான வண்டி வளைவில் சாயும், பின்சீட்டில் வாந்தியும் கூடும். ஏழு பேர் போகிற குடும்பம் என்றால் பெரிய வண்டி வாங்கித்தான் ஆகணும், அது வேறு.

அடுத்தது, கியர் நம்ம பேச்சைக் கேட்கணும். மேனுவலில் பிரச்சினை இல்லை. ஆட்டோமேட்டிக்கில் இறக்கத்தில் சிறிய கியரைப் பூட்டி வைக்க வழி இருக்கா என்று பார்க்கணும்: மேனுவல் மோடு, எல், எஸ் என்று ஏதாவது. ஏ.எம்.டி. வண்டிகள் மலிவு, மேனுவல் மோடும் இருக்கும், ஆனால் ஏற்ற வளைவில் தானாகவே கியர் மாற்றும்போது ஒரு நொடி தயங்கும், நின்று கிளம்பும்போது பின்னால் உருளும். ஹில் ஹோல்டு இல்லாத ஏ.எம்.டி.யை மலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். டி.சி.டி. வகை சமவெளியில் வெண்ணெய், சீசன் நேரத்து மலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் இந்த மூணிலும் மலைக்கு நிம்மதி, விலைதான் கூட.

திரும்பும் வட்டத்தையும் பார்க்கலாம். ஸ்விஃப்டுக்கு 4.8 மீட்டர் ஆரம். பார்க்கக் குட்டியாக இருக்கும் அஞ்சு கதவு ஜிம்னிக்கு 5.7. மலைக்கென்றே பிறந்த மாதிரி தோற்றம், எதிரே பஸ் வரும்போது ஒடித்துத் திரும்ப வேண்டிய இடத்தில் பழைய ஸ்விஃப்ட் அதை ஜெயிக்கும். தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

சி.என்.ஜி. வண்டி டெல்டாவில் இப்போ பெருகிட்டது. எரிவாயுவில் பலம் குறையும், ஒரு லிட்டர் வேகன் ஆரில் 67 குதிரைத்திறன் 57 ஆகிறது. சிலிண்டர் எடையும் சேரும். அடிவாரத்தில் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டால் போதும்.

மின்சார வண்டிதான் இந்தக் கணக்கில் என்னை ஆச்சரியப்படுத்தியது. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அந்த அண்டாச் சூட்டைப் பேட்டரிக்கு அனுப்பும். பிரேக்கைத் தொடவே வேண்டாம் போலிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: மலை மேலே 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தால் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் பிடிக்காது. மேலே எண்பதோடு நிறுத்தணும். ஏறும்போது சமவெளிக் கணக்கை நம்பக்கூடாது. 1,750 கிலோ வண்டி கோத்தகிரி ஏற உயரத்துக்கு மட்டும் 7 யூனிட் எடுக்கும், ஓடுவதற்கானதும் இழப்பும் தனி. மேட்டுப்பாளையத்தில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தால் பயமில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சித்தப்பாவிடம் நான் கேட்டுக்கொண்டது: முன்பக்க ரெண்டு டயரை மாற்றுங்க, பிரேக் ஆயிலை டாட் 4 போட்டு மாற்றுங்க, பேடு தடிமனைப் பார்க்கச் சொல்லுங்க, கைபிரேக்கை இறுக்கச் சொல்லுங்க. மெக்கானிக் பழைய பிரேக் ஆயிலை ஒரு டம்ளரில் பிடித்துக் காட்டினாராம், டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்ததாம். டயர் உட்பட எல்லாம் சேர்த்து பத்தாயிரத்துச் சொச்சம். லோன் பேச்சு அத்தோடு நின்றது, கடைக்காரர் மட்டும் இன்னும் வாரம் ஒருமுறை போன் பண்ணுகிறாராம்.

முதல் பயணத்துக்கு முந்தின நாள் ஒரே ஒரு விஷயம் கூடுதலாகச் சொன்னேன். குறுகலான இடத்தில் எதிரெதிரே வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, சட்டத்திலேயே இருக்கு. இறங்குகிறவர் ஒதுங்கணும். "அது சரி, ஏறுறவன் நின்னா திரும்பக் கிளம்பறது கஷ்டம்ல" என்று அவரே காரணத்தையும் சொல்லிவிட்டார்.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வந்தது. டீக்கடையில் நிறுத்தி, இறங்கி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தாராம். "உலை அடுப்பு மாதிரியெல்லாம் இல்லப்பா. ரெண்டாவது கியர்லயே கட்டி இறக்கிட்டேன். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான், ஒதுங்கி விட்டுட்டேன். உன் சித்திதான் ரெண்டு எடத்துல வாந்தி. அதுக்கு எந்த வண்டி வாங்கணும்னு ஏதாவது கணக்கு இருக்கா?"

முன்சீட்டில் உட்காரச் சொல்லுங்க என்றேன்.